தெற்கு ஸ்பெயின் ஒயின்கள்: மூக்கு சொல்வது ஒன்று, நாக்கு சொல்வது ஒன்று

இந்த ருசிபார்க்கும் சுற்றுக்கு எடுத்துக்கொண்டவை ஹெரெஸ் ஊரின் ஷெர்ரி ஒயின்களான ஃபீனோ, ஒலோரோசோ, அப்புறம் கோர்தோபா பக்கம் மொந்தில்லா-மொரீலெஸிலிருந்து பெட்ரோ ஹிமெனெஸ் என்ற ஓர் இனிப்பு ஒயின். இனிப்பைக் கடைசிக்கு வைத்தேன். அதை முதலில் குடித்தால் மற்ற இரண்டும் வெறும் கசப்பாகத்தான் தெரியும்.

ஃபீனோ, ஒலோரோசோ இரண்டுமே பலோமினோ திராட்சைதான். சர்க்கரை முழுக்கப் புளித்து ஆல்கஹாலான பிறகே திராட்சை ஸ்பிரிட் (காய்ச்சி வடித்த வலுவான ஆல்கஹால்) சேர்க்கிறார்கள். ஃபீனோவை ஆல்கஹால் 15 சதவீத வாக்கில் இருக்கும்படி நிறுத்துவார்கள். அந்த அளவில் ஃப்ளோர் என்ற ஈஸ்ட், பாலாடை போல மேலே படர்ந்து காற்றைத் தடுக்கும். ஒலோரோசோவை 17-க்கு ஏற்றிவிடுவார்கள். அதில் ஃப்ளோர் பிழைக்காது, காற்றுப் பட்டுப் பட்டுப் பழுப்பேறும்.

ஃபீனோவைச் சில்லென்று ஊற்றி, உப்புப் போட்டு வறுத்த பாதாமோடு குடித்தேன். பிசைந்து மூடி வைத்த மாவின் வாசனை. வாயில் மெலிசாக ஓடி, வறண்டு முடிகிறது. ஒயினுக்கு வழவழப்புத் தரும் கிளிசரினையும் ஃப்ளோர் தின்றுவிடுவதுதான் அந்த மெலிவுக்குக் காரணம்.

ஆளைக் குழப்பியது ஒலோரோசோதான். முகர்ந்தால் வால்நட், கருகிய சர்க்கரை, காய்ந்த அத்திப்பழம். வாயில் வைத்தால் இனிப்பே இல்லை! கூட இருந்த நண்பர் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் கிளிசரின் அப்படியே தங்குவதால் ஒரு வழவழப்பு வருகிறது; வாசனையும் அதுவும் சேர்ந்து இனிப்பென்று நம்பவைக்கப் பார்க்கின்றன. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

பெட்ரோ ஹிமெனெஸ் கதையே வேறு. திராட்சைக் கொத்துகளை வெயிலில் பரப்பிக் காயவைத்துப் பிழிந்து, பாதிப் புளிப்பிலேயே ஸ்பிரிட் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். லிட்டருக்கு 212 கிராம் சர்க்கரையாவது இருக்க வேண்டும் என்பது ஹெரெஸ் விதி. 400-ஐத் தொடுபவையும் உண்டு. கிளாஸைச் சாய்த்தால் பழுப்புப் படலம் ஒட்டிக்கொண்டு நிதானமாக இறங்குகிறது. எனக்கு இரண்டு மடக்குக்கு மேல் ஓடவில்லை. மிச்சத்தை வனிலா ஐஸ்கிரீம் மேல் ஊற்றினேன், பிரமாதம். ஸ்பெயினிலேயே அப்படித்தான் சாப்பிடுகிறார்கள், கூச்சப்பட வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. மீந்த ஃபீனோவில் பாதியை ஃப்ரிட்ஜிலும் பாதியை மேஜையிலும் வைத்தேன். ஒரு வாரத்தில் மேஜையிலிருந்தது நிறம் சற்றுக் கருத்து, நறுக்கி மறந்துபோன ஆப்பிள் வாசனைக்கு வந்துவிட்டது. ஃப்ரிட்ஜிலிருந்தது பரவாயில்லை. ஒலோரோசோவுக்கு அந்தக் கவலையே வேண்டாம், அது ஏற்கெனவே காற்றில் வளர்ந்ததுதானே.

அடுத்தது, அதே தெற்கு ஸ்பெயினில் மாலகா ஊர் ஒயின். அங்கே மொஸ்கத்தேல் திராட்சையும் உண்டு. சில வகைகளில் சுண்டக் காய்ச்சிய திராட்சைச் சாற்றைச் சேர்த்து நிறமேற்றுகிறார்கள். அது சேராத பாட்டில் ஒன்றுக்குக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.