‘கிடங்கு’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள்

நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரியில் வந்த அறிவிப்பு அது. புல எண்கள் வரிசையாக இருந்தன. அவற்றை விவசாய உபயோகத்திலிருந்து கிடங்கு உபயோகத்துக்கு மாற்றக் கோரி மனு வந்திருப்பதாகவும், ஆட்சேபணை உள்ளவர்கள் 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்றும் இருந்தது. என் தங்கைதான் அதைக் கத்தரித்து வைத்திருந்தாள். அவள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு எதிரே இருக்கும் வயல்தான் அந்த எண்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் 9 நாட்கள் போய்விட்டன. மீதி இருந்த 21 நாட்களிலும் அதன் பிறகும் நடந்ததை எழுதுகிறேன். இதே போன்ற நான்கு வரி உங்கள் பகுதிக்கும் வரக்கூடும்.

முதலில் நாங்கள் செய்தது எல்லோரும் செய்வதுதான். “எங்களுக்குக் கிடங்கு வேண்டாம்” என்று ஒரு மனு எழுதி 212 பேரிடம் கையெழுத்து வாங்கினோம். நகரமைப்பு அலுவலகத்தில் அதை வாங்கிக்கொண்ட அலுவலர் பொறுமையாகச் சொன்னார்: “ஒரே வாசகத்தில் இத்தனை கையெழுத்து இருந்தாலும் எங்கள் பதிவேட்டில் இது ஒரே ஒரு ஆட்சேபணைதான். காரணத்தை எழுதுங்கள். காரணத்துக்குத்தான் நாங்கள் பதில் எழுதியாக வேண்டும்.” கோப்பைப் பார்வையிட எங்களுக்கு உரிமை உண்டு என்பதையும் அவரே சொன்னார். எல்லாம் அங்கிருந்துதான் திரும்பியது.

மறுநாள் காலை மூன்று மணி நேரம் அந்தக் கோப்போடு உட்கார்ந்திருந்தேன். மனுவில் உபயோகம் என்ற இடத்தில் ‘கிடங்கு - பொருள் சேமிப்பு’ என்று மட்டும் இருந்தது. மனை வரைபடத்தை விரித்தேன். நீண்ட செவ்வகம், அதன் இரண்டு பக்கமும் பல் பல்லாகக் கோடுகள், பேன்சீப்பைப் போல. ஒவ்வொரு பல்லும் லாரி பின்புறமாக வந்து ஒட்டி நிற்கும் ஒரு வாசல். பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். பக்கத்துக்கு 42, மொத்தம் 84. போக்குவரத்து அறிக்கையைப் புரட்டினால், நாளொன்றுக்கு 90 லாரிகள் வரும் என்று போட்டிருந்தார்கள். ஒரு வாசலுக்கு ஒரு நாளைக்கு ஒரு லாரிதான் என்றால், பொருளை அடுக்கி வைப்பதற்காக யாராவது 84 வாசல் கட்டுவார்களா?

சரக்கு அனுப்பும் தொழிலில் இருக்கும் ஒரு நண்பரிடம் கேட்டேன். இருபுறமும் வாசல் வைத்தால், ஒரு பக்கம் இறக்கி மறுபக்கம் ஏற்றி அனுப்பத் தோதான கட்டடம் என்றார். அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர்கள் நிறுவனம் வெளியிடும் பயண எண்ணிக்கைக் கையேட்டில் சாதாரணக் கிடங்கு, இணைய விற்பனைக்கான அனுப்புகை மையம், பார்சல் மையம், குளிர்பதனக் கிடங்கு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு, தனித்தனிக் கணக்கு இருக்கிறது. ஒரே பரப்பளவுள்ள சேமிப்புக் கிடங்கையும் பார்சல் மையத்தையும் ஒப்பிட்டால், வண்டிப் போக்குவரத்து பார்சல் மையத்தில் பல மடங்கு அதிகம். குளிர்பதனக் கிடங்கு என்றால், வரிசையில் காத்திருக்கும் நேரம் முழுவதும் லாரியின் குளிரூட்டி தன் டீசல் எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் கோப்பில் இருந்த அறிக்கை, எல்லாவற்றிலும் குறைவான கணக்கையே எடுத்திருந்தது. எங்கள் முதல் காரணம் கிடைத்துவிட்டது: எந்தக் கிடங்கு என்று சொல்லாமல் எப்படி அனுமதி கொடுப்பீர்கள்?

இரண்டாவது காரணத்தைக் காட்டியவர் எங்கள் தெருவில் இருக்கும் பெரியவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிரெய்லர் ஓட்டி ஓய்வு பெற்றவர். “வரைபடத்தைத் தூக்கி வை தம்பி, இடத்துக்கு வா” என்று பள்ளி முனைக்கு அழைத்துப் போனார். ஞாயிறு காலை, சாலையில் ஆள் இல்லை. கையில் சாக்கட்டி. முன்சக்கரம் போகும் தடத்தை அகலமான வளைவாகப் போட்டார். பிறகு அதற்கு உள்ளே இன்னொரு வளைவு. “பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே வராது. உள்ளே வெட்டிக்கொண்டு வரும். 40 அடி கண்டெய்னர் என்றால் இவ்வளவு தூரம்.” அந்த இரண்டாவது கோடு நடைபாதையின் மேல் ஏறி, பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தின் நடுவே போனது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். படம் எடுத்து ஆட்சேபணையோடு இணைத்தோம். நாங்கள் கொடுத்த அத்தனை பக்கங்களிலும் அந்த ஒரு படத்துக்கு நிகராக வேறெதுவும் இல்லை என்பது என் கருத்து.

மற்றவற்றை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டோம். கணித ஆசிரியை ஒருவர் மழைநீரை எடுத்துக்கொண்டார். கூரையும் தளமுமாகச் சேர்த்து 10 ஹெக்டேர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் விழுவது 50 லட்சம் லிட்டர். இதுவரை வயல் குடித்துக்கொண்டிருந்த நீர் இனி ஒரே வடிகாலில் இறங்கும். சாலைக்கு, அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1950களின் இறுதியில் நடத்தப்பட்ட சாலைச் சோதனையைச் சொன்னோம். அதிலிருந்து வந்த தோராய விதிப்படி, வண்டியின் சக்கர அச்சின் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. நாளொன்றுக்கு 100 லாரிகளுக்கு மேல் வரும் சரக்கு மையங்களிலிருந்து 1000 அடிக்குள் வீடு, பள்ளி போன்றவற்றைப் புதிதாக அமைப்பதைத் தவிர்க்கும்படி, கலிஃபோர்னியா காற்று வள வாரியம் 2005இல் வெளியிட்ட கையேடு பரிந்துரைத்தது. அது எங்களைக் கட்டுப்படுத்தும் சட்டமல்ல. ஆனால் தூரத்தைப் பற்றிப் பேச ஓர் எண் வேண்டுமல்லவா?

எங்களுக்குள்ளேயே ஒரு மனத்தாங்கலும் வந்தது. “நாமும்தானே வீட்டிலிருந்தபடி பொருள் வாங்குகிறோம், அது எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கிடங்கே கூடாது என்பதை அன்றோடு விட்டுவிட்டு, இந்த வாசல், இந்தச் சாலை, இந்த நேரம் கூடாது என்று மாற்றி எழுதினோம். நெடுஞ்சாலைச் சந்திப்பை ஒட்டி அதே மனைக்கு இன்னொரு முகப்பு இருந்தது; வாயிலை அங்கே வைத்தால் லாரி ஊருக்குள் வர வேண்டிய அவசியமே இல்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஆளுக்கு 3 நிமிடம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். நான் வாசல் கணக்கைக் கேட்டேன். விண்ணப்பதாரர் தரப்பு ஆலோசகர், யார் வாடகைக்கு வரப்போகிறார்கள் என்பது இன்னும் முடிவாகவில்லை, அதனால் உபயோகத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்றார். அப்படியானால் வரக்கூடியவற்றில் அதிகப் போக்குவரத்து உள்ளதை வைத்துக் கணக்கிடுங்கள். இல்லையென்றால் மற்றவற்றை நிபந்தனையில் தடை செய்யுங்கள் என்றேன். குழுத் தலைவர் அதை இரண்டு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பெரியவர் பேசவில்லை. சாக்கட்டிப் படத்தை உயர்த்திப் பிடித்தபடி நின்றார்.

நான்கு மாதங்கள் கழித்து ஆணை வந்தது. வகைப்பாடு மாறிவிட்டது, அதை எங்களால் நிறுத்த முடியவில்லை. காரணமும் ஆணையிலேயே இருந்தது: எந்த நிலம் எதற்கு என்று வண்ணம் பிரித்துக் காட்டும் முழுமைத் திட்ட வரைபடத்தில், அந்தப் பகுதி எதிர்காலத் தொழில் வளர்ச்சிக்கு உரியது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே வண்ணம் தீட்டப்பட்டிருந்தது. அந்த வரைபடத்தைப் பார்வைக்கு வைத்தபோது எங்களில் ஒருவரும் போகவில்லை. இது எனக்கு இன்றும் வலிக்கிறது. மனை ஒவ்வொன்றாக மனு வரும்போது பேசுவதைவிட, வண்ணம் தீட்டும் நாளில் பேசுவதற்குத்தான் பலம் அதிகம்.

ஆனால் ஆணையோடு 19 நிபந்தனைகள் வந்தன. வாயில் நெடுஞ்சாலைப் பக்கம். பள்ளிச் சாலையில் கனரக வண்டிக்கு அனுமதி இல்லை. பார்சல் மையமாகவோ குளிர்பதனக் கிடங்காகவோ மாற்றினால் புதிய மனு, புதிய கேட்பு. கூரை போடும் முன் மழைநீர்த் தேக்கக் குளம் தயாராக வேண்டும். பள்ளியைப் பார்த்த பக்கம் இருந்த 42 வாசல்கள் நீக்கப்பட்டு, அங்கே மதிலும் மரவரிசையும்.

கட்டடம் இப்போது இயங்குகிறது. நிபந்தனைகளின் நகல் எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. போன மாதம் ஒருநாள் இரவு 2 மணிக்குப் பள்ளி முனையில் ஒரு டிரெய்லர் திரும்ப முடியாமல் நின்றது. தேதி, நேரம், வண்டியின் படம், நிபந்தனை எண் 7 என்று குறிப்பிட்டு அலுவலகத்துக்கு எழுதினேன். நான்காம் நாள் பதில் வந்தது. அந்த வாரமே முனையில் கனரக வண்டிகளைத் தடுக்கும் உயரத் தடுப்புக் கம்பம் நட்டார்கள். அது நிற்கும் இடத்தைப் பெரியவர்தான் காட்டிக் கொடுத்தார்.