ரோசலின் ஒரு வார்த்தையும் பேசவில்லை

கோடை விடுமுறைக்குக் காவேரிப்பட்டினத்திலிருந்து வந்திருந்த அண்ணன் மகள், கல்லூரியில் பாடமாக வைத்திருக்கும் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தை எங்கள் தருமபுரி வீட்டுத் திண்ணையில் என்னோடு உட்கார்ந்து படித்தாள். முதல் அங்கம் முடிந்ததும் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, “அத்தை, சாயங்காலம் வரைக்கும் ரோசலினை நெனச்சு அழுதவன், ராத்திரி ஜூலியட்டைப் பார்த்ததும் மாறிட்டான். இதைப் போய்க் காதல்னு எப்படி நம்பறது?” என்று கேட்டாள். ரோசலின் பெயர் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தாள்.

எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று அது. ஜூலியட்டின் குடும்பமான கேப்புலெட் வீட்டு விருந்துக்கு ரோமியோ போவதே ரோசலினைக் காண்பதற்காகத்தான். மறுநாள் காலையில், இளைஞர்களின் காதல் நெஞ்சில் இல்லை, கண்ணில்தான் இருக்கிறது என்று லாரன்ஸ் துறவியும் அவனைக் கடிந்துகொள்கிறார். ஞாயிறு இரவு சந்தித்தவர்கள் திங்களன்று மணந்து, அந்த வாரம் முடிவதற்குள் மாண்டும் போகிறார்கள். இந்த நாடகத்துக்கு மூலமான, ஆர்தர் புரூக் 1562-இல் எழுதிய நெடும்பாடலில் மாதக்கணக்கில் நீண்ட கதையைச் சில நாட்களுக்குள் அடக்கியதும், அதில் 16 வயதாக இருந்த ஜூலியட்டை 14 வயதுகூட நிறையாத சிறுமியாக்கியதும் ஷேக்ஸ்பியர் தெரிந்தே செய்தவை.

ஆனாலும், நாட்கள் குறைவு என்பதற்காக அதை வெறும் மயக்கம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருதலைக் காதலான கைக்கிளையைப் பற்றித் தொல்காப்பியம் சொல்லும்போது, ‘சொல்எதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்’ என்கிறது. எதிரிலிருந்து மறுமொழி வராமலே தானே பேசி, அந்தப் பேச்சிலேயே இன்பம் காண்பவனின் நிலை அது. ரோமியோவுக்கும் ரோசலினுக்கும் இடையில் இருந்தது முழுக்க முழுக்க இதுதான். ரோசலின் நாடகத்தில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. மேடையில் அவளுக்கென்று ஒரு வசனமும் கிடையாது. அவன் புலம்புகிறான், அந்தப் புலம்பலின் அழகை அவனே கேட்டுக்கொள்கிறான்.

விருந்தில் நடப்பது வேறு. ஜூலியட்டின் கையைத் தொட்டு, தன்னை யாத்திரிகன் என்றும் அவளைக் கோயில் என்றும் சொல்லி ரோமியோ நான்கு அடிகள் பேசுகிறான். அவள் நாணிக் குனிந்து நிற்கவில்லை. அவன் எடுத்த உவமையையே கையில் வாங்கி, யாத்திரிகர்கள் உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்துத்தானே வணங்குவார்கள் என்று தானும் நான்கு அடிகளில் விடை தருகிறாள். மீதி அடிகளை இருவரும் பங்கிட்டுக்கொள்ள, 14 அடிகள் கொண்ட சானெட் என்னும் கவிதை வடிவம் ஒன்று அங்கே முழுமையாக உருவாகிவிடுகிறது. கைக்கிளை முடிந்த இடம் அதுதான் என்று அண்ணன் மகளுக்குக் காட்டினேன். அவள் விரல் வைத்து அடிகளை எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

அன்றிரவு தோட்டத்திலும் நிதானம் ஜூலியட்டிடம்தான் இருக்கிறது. நிலவின் மேல் ஆணையிட வாயெடுத்தவனை, மாதந்தோறும் மாறுகிற நிலவின் மேல் சத்தியம் செய்யாதே என்று தடுக்கிறாள். இது மின்னலைப் போல மிகத் திடீரென்று வந்திருக்கிறது என்று தன் அச்சத்தையும் மறைக்காமல் சொல்கிறாள். திருமணம்தான் உன் எண்ணமென்றால் எங்கே, எந்த நேரத்தில் என்று நாளை சொல்லி அனுப்பு என்கிறாள். காதல் மயக்கத்தில் இருப்பவர்கள் இடத்தையும் நேரத்தையும் கேட்பதில்லை.

அவள் வயதைப் படிக்கும்போது மட்டும் என் தொண்டை அடைத்துக்கொள்கிறது. பள்ளிப் படிப்பு முடியுமுன்னே மணமேடையில் உட்காரவைக்கப்பட்ட பெண்களை எங்கள் மாவட்டத்தில் பார்த்து வளர்ந்தவள் நான். பத்தாம் வகுப்பில் என் பக்கத்து இடம் ஒரு தை மாதத்தில் காலியானது. ஜூலியட்டை மணக்கக் கேட்ட பாரிஸிடம், இன்னும் இரண்டு கோடைகள் போகட்டும் என்று முதலில் சொன்ன அவளுடைய தந்தையே, சில நாட்களிலேயே, வியாழக்கிழமை கல்யாணம், மறுத்தால் தெருவில் கிட என்று மகளை விரட்டும் காட்சியைத் திண்ணையில் என்னால் உரக்கப் படிக்க முடியவில்லை. அண்ணன் மகளே வாங்கிப் படித்தாள்.

எனக்குத் தாங்கமுடியாதது கடைசி அங்கம். அந்தக் கல்யாணத்திலிருந்து தப்ப, 42 மணி நேரம் பிணம்போல் கிடக்கச் செய்யும் மருந்தை ஜூலியட் குடித்திருக்கிறாள் என்ற செய்தி, கொள்ளைநோய்க் கட்டுப்பாட்டால் தூது போன துறவி தடுக்கப்பட, நாடுகடத்தப்பட்டு மாண்டுவா நகரில் இருக்கும் ரோமியோவுக்குச் சேரவில்லை. கல்லறையில் அவன் மீண்டும் பதில் தராத ஒருத்தியிடம் பேசுகிறான். ரோசலினுக்காகப் புலம்பிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்பிவிட்டவனைப் போல, தன் சொற்களிலேயே மூழ்கி நஞ்சைக் குடிக்கிறான். அவள் உதட்டிலும் கன்னத்திலும் செம்மை இன்னும் இருக்கிறதே என்று அவனே வாய்விட்டுச் சொல்கிறான், ஆனால் ஒரு நாழிகை காத்திருக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது அண்ணன் மகள் புத்தகத்தை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். செம்மையைச் சொல்லும் அந்த அடியின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: “பார்த்துட்டானே!”