நீல ஐசியிலிருந்து இளஞ்சிவப்பு ஐசிக்கு

குடியுரிமை விண்ணப்பத்துக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் என்று கடிதம் வந்த அன்று எனக்குச் சந்தோஷத்தைவிடக் கை நடுக்கம்தான் முதலில் வந்தது. சிங்கப்பூருக்கு வந்து 14 வருஷம், அதில் 8 வருஷம் நிரந்தரவாசி, மகள் பிறந்ததே இங்கேதான், இருந்தும் "இனி நீ யார்" என்று யாரோ எதிரே நின்று கேட்டதுபோல இருந்தது. அந்தக் கடிதத்துக்கும், நிரந்தரவாசியின் நீல ஐசி (அடையாள அட்டை) போய்க் குடிமக்களுக்கான இளஞ்சிவப்பு ஐசி கைக்கு வந்த நாளுக்கும் இடையில் நடந்ததை எழுதிவைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்புதல் வந்தபிறகு 'சிங்கப்பூர்க் குடியுரிமைப் பயணம்' என்று ஒன்றை முடிக்க வேண்டும், அதற்கு 2 மாதம் தருவார்கள். இணையத்தில் படித்து முடிக்க வேண்டிய பகுதி ஒன்று, வரலாற்று இடங்களுக்கு நேரில் போகும் சுற்று ஒன்று, அப்புறம் வட்டாரத்துச் சமூக மன்றத்தில் பகிர்வு அமர்வு. பயப்படும்படியான பரீட்சை எதுவும் இல்லை. ஒரே ராத்திரியில் உட்கார்ந்து கிளிக் கிளிக் என்று இணையப் பகுதியை முடித்துவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் முடித்ததாகச் சொன்னார்கள். நானும் அந்த எண்ணத்தில்தான் ஆரம்பித்தேன். ஆனால் ஏழாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் மாதிரி இருக்கும் என்று திறந்தது என்னை வாரக்கணக்கில் பிடித்து வைத்துக்கொண்டது.

முதலில் நான் தேடியது நம் ஆட்களை. தமிழர் யார் வந்தார், என்ன செய்தார் என்று ஒவ்வொரு பக்கத்திலும் கண் அதைத்தான் தேடியது. நாராயண பிள்ளை கிடைத்தார். இங்கே பிரிட்டிஷ் குடியிருப்பைத் தொடங்கிய ராஃபிள்ஸ் 1819 ஜனவரியில் முதலில் இறங்கினார், அதே வருஷம் மே மாதம் இரண்டாம் முறை வந்தபோது பினாங்கிலிருந்து கூட வந்தவர் இவர். இங்கே செங்கல் சூளை போட்டார், கட்டுமானத் தொழில் செய்தார், 1827-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் எழும்பக் காரணமாக இருந்தார். முதலில் அது மரமும் அத்தாப்பு ஓலையும் வைத்துக் கட்டிய சின்னக் கோயில். வெள்ளிக்கிழமைதோறும் நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிற அதே கோயில். 2019-இல் ராஃபிள்ஸ் வந்த இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்தபோது ஆற்றங்கரையில் அவர் சிலைக்குப் பக்கத்தில் கொஞ்ச நாள் இன்னும் நான்கு சிலைகள் வைத்தார்கள்: சங் நீல உத்தமா, தான் டோக் செங், முன்ஷி அப்துல்லா, அப்புறம் நாராயண பிள்ளை. அந்தச் சிலையோடு என் மகள் நிற்கும் படம் என் போனிலேயே இருக்கிறது. எடுத்தபோது கீழே எழுதியிருந்ததைப் படிக்கவில்லை, யாரோ நம்ம ஊர்க்காரர் மாதிரி இருக்கிறாரே என்று எடுத்தது. படத்தைத் தேடி எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழ் முரசு பத்திரிகையை 1935-இல் தொடங்கிய கோ. சாரங்கபாணி, இந்தியத் தண்டனைக் கைதிகள் போட்ட சாலைகள், அவர்கள் உழைப்பில் எழும்பிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், 1943-இல் நேதாஜி இங்கே அறிவித்த ஆசாத் ஹிந்த் அரசு, ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தமிழ்ப் பெண்கள், இப்படி என் நோட்டில் ஒரு பட்டியலே வளர்ந்தது. எல்லாம் பெருமையாக இருந்தது. நாம் இங்கே நேற்று வந்தவர்கள் இல்லை என்று ஒரு தெம்பு.

அந்தத் தெம்போடு இருந்தபோதுதான் 1964 வந்தது.

என் மகள் தொடக்கப்பள்ளிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொரு ஜூலையும் பள்ளியிலிருந்து ஒரு குறிப்பு வரும், இன நல்லிணக்க நாள், பிள்ளைகள் அவரவர் பாரம்பரிய உடையில் வரலாம் என்று. நான் ஒரு மாதம் முன்பே லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போய்ப் பட்டுத்துணி எடுத்துப் பாவாடை தைக்கக் கொடுத்துவிடுவேன். பூ வைத்து, வளையல் போட்டு, படம் எடுத்து ஊருக்கு அனுப்பி, அது எங்கள் வீட்டில் ஒரு குட்டித் தீபாவளி. அது ஏன் ஜூலை 21 என்று ஒரு வருஷம்கூட நான் யோசித்ததில்லை. பள்ளி நாட்காட்டியில் வசதியாக இருந்த ஒரு தேதி என்று நினைத்திருந்தேன்.

1964 ஜூலை 21, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலம். அன்று மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையில் வெடித்த கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 400-க்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். செப்டம்பரில் மறுபடியும் ஒன்று. அப்போது சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு பகுதி, 1963 செப்டம்பர் 16-இல்தான் சேர்ந்திருந்தது. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 9-இல் பிரிந்து தனி நாடானது. அன்றைய பிரதமர் லீ குவான் யூ தொலைக்காட்சியில் கண்கலங்கும் காட்சியை நான் பல தேசிய தினங்களில் பார்த்திருக்கிறேன், ஒரு தலைவர் உணர்ச்சிவசப்பட்டார் என்பதற்கு மேல் அதில் எதையும் பார்த்ததில்லை. அந்தக் கண்ணீருக்கு முந்தைய வருஷம் தெருவில் ரத்தம் ஓடியிருக்கிறது என்று தெரிந்தபிறகு பார்த்தால் அது வேறு காட்சி. ராத்திரி 11 மணிக்கு அலமாரியைத் திறந்து அந்தப் பட்டுப்பாவாடைகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷத்துப் பாவாடைகள். ஒரு துக்க நாளுக்கா இவ்வளவு ஜரிகை பார்த்துப் பார்த்து வாங்கினேன் என்று முதலில் மனசு கனத்தது. பிள்ளைகள் வண்ண உடையில் சிரித்துக்கொண்டு வர வேண்டும் என்றுதான் அந்தத் தேதியையே எடுத்திருக்கிறார்கள் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

வீடு வாங்கிய கதையையும் இங்கே சொல்ல வேண்டும். அரசு அடுக்குமாடியில் மறுவிற்பனை வீடு தேடிய காலத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு வீடு இருந்தது, பள்ளிக்குப் பக்கம், காற்றோட்டம், விலையும் ஒத்துவந்தது. விற்றவர்கள் சீனக் குடும்பம். அந்த புளோக்கில் இந்தியர், மற்றவர்களுக்கான விகிதம் நிரம்பிவிட்டது, நீங்கள் வாங்க முடியாது என்று முகவர் சொன்னார். 1989-இல் கொண்டுவந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை அது, எந்த இனமும் ஒரே இடத்தில் குவிந்துவிடாமல் ஒவ்வொரு புளோக்குக்கும் வட்டாரத்துக்கும் வரம்பு உண்டு. அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. என் பணம், அவர்கள் வீடு, நடுவில் என் இனம் எதற்கு என்று பல நாள் புலம்பினேன். இப்போது அந்த விதியை 1964-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், சிறுபான்மையினர் தங்கள் வீட்டை விற்கும்போது வாங்குபவர்கள் குறைந்து அவதிப்படுவதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் எந்தப் பயத்திலிருந்து அந்த விதி வந்தது என்று இப்போது தெரியும். கடைசியில் நாங்கள் வாங்கிய வீட்டின் பக்கத்துக் கதவு ஒரு சீனப் பாட்டியுடையது. என் மகள் அவரை 'ஆ மா' என்றுதான் கூப்பிடுவாள், நானும் அப்படியே.

நேரில் போகும் சுற்று அரை நாளில் முடிந்தது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கூட்டத்தோடு போகும்போது ஓர் இடத்தில் நின்று நிதானமாகப் பார்க்க முடியாது, அதனால் அடுத்த சனிக்கிழமைகளில் நாங்கள் மூவருமாகவே கிளம்பினோம். இதைச் செய்யப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: அந்த 2 மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது ஒதுக்குங்கள். தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும் சீனர்களின் தியான் ஹாக் கெங் கோயிலும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன, அந்தத் தெருதான் அன்றைக்குக் கடற்கரை, கப்பலிலிருந்து உயிரோடு இறங்கியவர்கள் அவரவர் சாமிக்கு முதலில் நன்றி சொன்ன இடம். தேசிய அரும்பொருளகத்தில் சிங்கப்பூர்க் கல் இருக்கிறது. ஆற்று முகத்துவாரத்தில் எழுத்துகளோடு நின்ற பெரும்பாறையை 1843-இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள், மிஞ்சியதில் ஒரு துண்டு அது. அதில் இருப்பதை இன்றுவரை யாரும் முழுதாகப் படித்ததில்லை. மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு "இது தமிழாம்மா?" என்று கேட்டாள். அவளுக்குள்ளும் நம் ஆளைத் தேடும் அந்தப் பழக்கம் வந்துவிட்டதைப் பார்த்து எனக்கு என்னவோ போலிருந்தது.

பீச் ரோடு போர் நினைவுச்சின்னத்தில்தான் நான் என் நோட்டை மூடிவைத்தேன். நான்கு வெள்ளைத் தூண்கள், 60 மீட்டருக்கும் மேல் உயரம், நான்கு இனத்துக்கும் ஒன்று ஒன்றாக, மேலே போகப் போக மெலிந்து நிற்கும். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது, ஊர் பெயரையே சியோனான் என்று மாற்றினார்கள். சில நாட்களில் சூக் சிங் தொடங்கியது. சீன ஆண்களை வரிசையில் நிறுத்தி, சந்தேகப்பட்டவர்களை லாரியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். பல்லாயிரம் பேர் என்று குடும்பங்கள் சொல்கின்றன, எண்ணிக்கை இன்றும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பிறகு கிடைத்த எலும்புகளைத் தாழிகளில் வைத்து இந்தத் தூண்களின் கீழே புதைத்திருக்கிறார்கள். அதே ஜப்பானியர் துணையோடுதான் என் பட்டியலில் நான் பெருமையாக எழுதியிருந்த ஆசாத் ஹிந்த் அரசு 1943-இல் பிறந்தது. அதே காலத்தில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோன தமிழர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். நம் ஆட்களின் பக்கத்தை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது என்று அந்தத் தூண்களின் நிழலில் நின்றபோது தெரிந்தது. என் பெருமைக்குரிய வருஷம் ஆ மா வீட்டில் எந்த வருஷம் என்று நான் அதுவரை கேட்டதே இல்லை.

பகிர்வு அமர்வில் அடித்தளத் தலைவர்கள் எனப்படும் வட்டாரத் தொண்டர்கள் எங்களை வட்டமாக உட்காரவைத்து ஏன் குடியுரிமை என்று கேட்டார்கள். பாதுகாப்பு, பிள்ளை படிப்பு, வேலை என்று எல்லாரும் சொன்னதை நானும் சொன்னேன், அது உண்மையும்கூட. இன்னும் கொஞ்சம் தைரியம் இருந்திருந்தால் பாவாடைக் கதையைச் சொல்லியிருப்பேன்.

கடினமான பகுதி பாஸ்போர்ட். இந்தியாவும் இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, சிங்கப்பூரும் தருவதில்லை, ஒன்றை விட்டால்தான் இன்னொன்று. படிவம், கட்டணம், வரிசை எல்லாம் சாதாரணமாக நடந்தது. ஊரில் அப்பாவிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "ஓட்டுப் போட வர மாட்டியா இனிமே?" என்று மட்டும் கேட்டார். நான் ஓட்டுப் போட ஊருக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது அவருக்கும் தெரியும். அன்று நன்றாக அழுதேன், அதை மறைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

குடியுரிமைச் சடங்குக்கு முந்தின வாரம் மகளிடம் உறுதிமொழி கற்றுக்கொண்டேன். பள்ளியில் தினமும் ஆங்கிலத்தில் சொல்கிறாள், தமிழாசிரியர் தமிழிலும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம், 1966-இல். ஆங்கிலத்தில் இன, மொழி, மத வேறுபாடு பார்க்காமல் என்ற பொருளில்தான் இருக்கிறது, தமிழில் "இனம், மொழி, மதம் ஆகிய வேற்றுமைகளை மறந்து ஒன்றுபட்டு" என்று வருகிறது. மறந்து. ராஜரத்தினத்தின் முதல் வரைவிலும் ஆங்கிலத்தில் மறப்பது என்ற சொல்தான் இருந்தது, பிறகுதான் மாறியது என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவர் மனசில் முதலில் வந்த சொல் தமிழில் தங்கிவிட்டது. வேற்றுமையை மற என்கிறது உறுதிமொழி, ஜூலை 21-ஐயும் பிப்ரவரி 15-ஐயும் மறக்காதே என்று வருஷா வருஷம் நாட்காட்டி சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளத்தான் இவ்வளவு ஏற்பாடும் என்று எனக்குப் படுகிறது.

சடங்கில் நாடாளுமன்ற உறுப்பினர் சான்றிதழையும் இளஞ்சிவப்பு ஐசியையும் கையில் கொடுத்தார். மாஜுலா சிங்கப்பூரா பாடினோம், மலாய் தேசிய மொழி, அதனால் கீதம் மலாயில்தான். என் அலுவலகத் தோழி ஒருத்தி சாப்பாட்டு இடைவேளைகளில் வரி வரியாகப் பொருள் சொல்லிக்கொடுத்திருந்தாள், 'முன்னேறட்டும் சிங்கப்பூர்' என்று அர்த்தம் தெரிந்து பாடியது அதுதான் முதல் தடவை.

இந்த ஜூலையில் மகள் பாவாடை வேண்டாம், தோழியின் மலாய் உடையான பாஜு கூரோங் போட்டுக்கொள்கிறேன், அவள் என் பாவாடையைப் போடட்டும் என்றாள். சரி என்று இரண்டையும் இஸ்திரி போட்டுக்கொண்டே அவளுக்கு 1964-ஐச் சொன்னேன், ஒன்பது வயசுக்குத் தாங்கும் அளவுக்கு. கேட்டுவிட்டு, "அப்போ ஆ மா எங்கே இருந்தாங்க?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இருவரும் பக்கத்துக் கதவைத் தட்டினோம். ஆ மா பேசப் பேச அவர் மகள் எங்களுக்காக ஆங்கிலத்தில் சொன்னார்: அப்போது வயசு பன்னிரண்டு, கேலாங்கில் வீடு, ஊரடங்கு, அதைக் கொஞ்ச நேரம் தளர்த்தும்போது அரிசி வாங்க அம்மா ஓடுவார், திரும்பி வரும்வரை தம்பியைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பாராம். சொல்லி முடித்துவிட்டு என் மகள் கையிலிருந்த பாஜு கூரோங்கைத் தொட்டுப் பார்த்தார், கழுத்துப் பட்டன் தொங்குகிறது என்று உள்ளே போய் ஊசி நூல் எடுத்துவந்தார்.