கட்டிலைத் தட்டிப் பார்க்காத ஆள்

அப்பா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்து 2023 மே 31-ஆம் தேதி ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மேட்டுப்பாளையத்தில் பார்த்து வைத்திருந்த வீட்டில் இரண்டே அறைகள். அதனால் தேக்குக் கட்டில், கண்ணாடி வைத்த பீரோ, அம்மாவின் தையல் மிஷின் மூன்றையும் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். இணையத்தில் இலவசமாக விளம்பரம் போடும் தளம் ஒன்றில் நான்தான் படம் எடுத்துப் போட்டேன். கட்டிலுக்கு 14,000 ரூபாய் என்று விலை வைத்தேன். எனக்குக் குன்னூரில் வேலை. பகலில் வீட்டில் இருப்பது அப்பாதான் என்பதால் அவருடைய நம்பரைக் கொடுத்தேன்.

இருபது நிமிடத்தில் போன் வந்துவிட்டது. பேசியவன் இந்திக்காரன். தான் ராணுவத்தில் இருப்பதாகவும், பக்கத்து ஊரான வெலிங்டனுக்கு மாற்றலாகி வந்திருப்பதாகவும் சொன்னான். கட்டில் பிடித்திருக்கிறது, சொன்ன விலையே போதும், யூனிட் வண்டி வந்து எடுத்துக்கொள்ளும் என்றான். வாட்ஸ்அப்பில் சீருடையோடு ஒரு படம், அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் அடுத்தடுத்து வந்தன.

எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சு எடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் இருக்கிறது, ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் நாடு முழுவதும் இருந்து அதிகாரிகள் குடும்பத்தோடு படிக்க வருகிறார்கள், படிப்பு முடிந்ததும் கிளம்புகிறார்கள். அவர்கள் ஃபிரிட்ஜ் வாங்குவதும் சோபா விற்பதும் இங்கே சாதாரணம். நானே சின்ன வயதில் ஓட்டிய சைக்கிள் அப்படிக் கிளம்பிப் போன ஒரு மேஜர் வீட்டில் வாங்கியதுதான். போதாக்குறைக்கு அப்பாவுக்கு இந்தி நன்றாக வரும். வடநாட்டுக்காரர்களோடு சேர்ந்து வேலை பார்த்த மனிதர். ஓய்வு பெற்று இரண்டு வாரம் கழித்து மறுபடியும் இந்தியில் பேச ஒருவர் கிடைத்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம். இதையெல்லாம் அவர் பிறகு என்னிடம் சொன்னபோது எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை.

அப்புறம் நடந்தது இதுதான். "சாப், ஆர்மி அக்கவுன்ட்டில் இருந்து சாதாரணமாக அனுப்ப முடியாது, ரிவர்ஸ் பேமென்ட்தான் வரும். ஒரு க்யூஆர் அனுப்புகிறேன். அதை ஸ்கேன் செய்தால் பணம் உங்களுக்கு வரும். முதலில் 5 ரூபாய்க்குப் பார்த்துவிடலாம்" என்றான். அப்பா ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டார். 5 ரூபாய் போனது. அடுத்த நிமிடமே 10 ரூபாய் வந்தது. அந்தப் பத்து ரூபாயை அவன் தனியாக அனுப்பியிருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் ஸ்கேன் செய்ததால்தான் வந்தது என்று அப்பா நம்பிவிட்டார். அடுத்து, பாதிப் பணம் முன்பணம் என்று சொல்லி 7,000 ரூபாய்க்கு இன்னொரு க்யூஆர். ஸ்கேன் செய்ததும் ஏதோ ஒரு கடையின் பெயர் திரையில் வந்திருக்கிறது. யார் இது என்று அப்பா கேட்டதற்கு, "எங்கள் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன்" என்று பதில்.

அந்தப் பின் நம்பர் போடும் திரையை நான் பிறகு பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன். மேலே வங்கியின் பெயர், அதன் கீழே யாருக்கு, எவ்வளவு என்ற விவரம். நடுவில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை: உங்கள் கணக்கில் இருந்து இன்னாருக்குப் பணம் அனுப்புகிறீர்கள். இது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் இருக்கிறது. போனை ஸ்பீக்கரில் போட்டு ஒருவன் விடாமல் பேசிக்கொண்டே இருக்கும்போது, அறுபது வயதுக்காரர் அதை எங்கே படிப்பார்? அவன் பேச்சை நிறுத்தாததே அவர் அதைப் படித்துவிடக்கூடாது என்பதற்காகத்தான்.

7,000 ரூபாய் போய்விட்டது. உடனே அவன், "தவறு நடந்துவிட்டது சாப், சர்வர் பிரச்சினை. இப்போது 14,000-க்கு ஸ்கேன் செய்தால் இரண்டும் சேர்ந்து திரும்பிவிடும்" என்றிருக்கிறான். நல்லவேளை, அந்த இடத்தில் அம்மா குறுக்கே வந்தார். "வெலிங்டன் அடுத்த ஸ்டேஷன்தானே? கட்டிலை வந்து ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் காசைப் பத்திப் பேசலாம்" என்று சொல்லி போனை வாங்கி வைத்துவிட்டு எனக்குக் கூப்பிட்டார்.

நான் வீடு வந்து சேரும்போது மணி நான்கு நாற்பது. அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், எதுவும் பேசவில்லை. சமாதானம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று முதலில் 1930-க்கு போன் செய்தேன். சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது. பணம் போய் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்கு அதைப் பிடிக்க வாய்ப்பு. ஏனென்றால் திருடன் அந்தப் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. இரண்டு, மூன்று கணக்குகளுக்கு மாற்றி, கடைசியில் ஏடிஎம்மில் எடுத்துவிடுகிறான். எடுப்பதற்குள் புகார் அந்த வங்கிக்குப் போய்ச் சேர்ந்தால் பணத்தை அங்கேயே நிறுத்தி வைக்கிறார்கள்.

போனில் தமிழிலேயே பேசினார்கள். என்ன கேட்டார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பதற்றத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பணம் போன வங்கிக் கணக்கு எண், போன தொகை, தேதி, நேரம், அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க எண், பணம் வாங்கியவனின் யுபிஐ ஐடி, பேசியவனின் போன் நம்பர். பரிவர்த்தனை எண் யுபிஐ செயலியின் ஹிஸ்டரியில் அந்தப் பணம் போன வரியைத் தொட்டால் கிடைக்கும். அப்பா அவமானத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்கப் போனார். நான் தடுத்து எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன். பேசி முடித்ததும் ஒரு ஒப்புகை எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் முழுப் புகாரையும் பதிய வேண்டும். அன்று இரவு மழை, கரண்டும் இல்லை. ஜன்னல் ஓரம் போனைப் பிடித்துக்கொண்டு, கிடைத்த சிக்னலில் ஒன்பதரை மணிக்குத்தான் பதிந்து முடித்தேன்.

மறுநாள் வங்கிக்குப் போய் எழுத்தில் கொடுத்தோம். அங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார்கள். 2017-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஆன நஷ்டம் அவரோடது. தெரிவித்த பிறகு நடப்பதற்குத்தான் வங்கி பொறுப்பு. பின் நம்பரைப் போட்டது அப்பா. அதனால் வங்கி கொடுத்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது, பிடித்து நிறுத்திய பணம்தான் கணக்கு. ஊட்டியில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு இரண்டு முறை போனோம். 7,000-இல் 4,200 ரூபாய் ஒரு கணக்கில் நின்றது, மீதியை எடுத்துவிட்டார்கள். மனு போட்டு, நீதிமன்ற உத்தரவு வந்து, அந்த 4,200 அப்பாவின் கணக்குக்குத் திரும்ப ஏழு மாதம் ஆனது.

நடுவில் வீட்டைக் காலி செய்யும் நாள் நெருங்கியது. விளம்பரத்தை எடுத்துவிடச் சொன்னார் அப்பா. நான் எடுக்கவில்லை, என் நம்பருக்கு மாற்றினேன். அடுத்த பத்து நாளில் வந்த அழைப்புகளில்தான் யார் வாங்குகிறவர், யார் திருடன் என்பது எனக்குப் பிடிபட்டது.

திருடன் பேரம் பேசவே மாட்டான். பொருளைப் பற்றி ஒரு கேள்வி கேட்க மாட்டான். பழைய கட்டில் வாங்குகிறவர் முதலில் கேட்பது அளவு. அடுத்தது, கழற்றி மாட்டலாமா என்பது. எங்கள் மலையில் ரோட்டில் இருந்து வீட்டுக்கு முப்பது, நாற்பது படி இறங்க வேண்டியிருக்கும், கழற்ற முடியாத கட்டிலை யார் தூக்குவது? உளுத்திருக்கிறதா, பனியில் ஊறிச் சட்டம் உப்பியிருக்கிறதா என்றும் கேட்பார்கள். ராணுவம் என்று சொன்னவன் இதில் எதையுமே கேட்கவில்லை. அவன் கேட்டதெல்லாம் எந்த செயலி வைத்திருக்கிறீர்கள், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான்.

இன்னொருவன் தையல் மிஷினுக்கு 1,500 முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி, தவறுதலாக 15,000 போட்டுவிட்டதாகப் பதறினான். மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லி அழாத குறை. என் போனில் எஸ்எம்எஸ்ஸும் வந்திருந்தது: உங்கள் கணக்கில் 15,000 வரவு. அசல் போலவேதான் இருந்தது. ஆனால் வங்கியில் இருந்து வருவது எழுத்துகளால் ஆன பெயரில் வரும். இது பத்து இலக்க மொபைல் நம்பரில் இருந்து வந்திருந்தது. வங்கி செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்தேன், ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. வேறு ஒருவன் கூரியர் இன்சூரன்ஸ் என்று ஒரு லிங்க் அனுப்பினான். தொடவில்லை.

க்யூஆரைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன், அப்பா ஏமாந்தது அதில்தான். ஒருவர் அனுப்பும் க்யூஆரை நாம் ஸ்கேன் செய்தால் பணம் நம்மிடம் இருந்து போகும், வரவே வராது. பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. ஆர்மி அக்கவுன்ட், ரிவர்ஸ் பேமென்ட் என்று எதுவும் கிடையாது. தனிநபருக்குத் தனிநபர் பணம் கேட்டு அனுப்பும் கலெக்ட் கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள், அது நல்ல காரியம். ஆனால் க்யூஆர் அப்படியேதான் இருக்கிறது. பணம் போகாமல் தப்பித்த அழைப்புகளையும் விடாதீர்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்று ஒரு பகுதி 2024 மார்ச்சில் வந்திருக்கிறது, அதில் அந்த நம்பரைப் புகார் செய்யலாம். எனக்கு இப்போது வருகிற எல்லாவற்றையும் அங்கே போட்டுவிடுகிறேன்.

கட்டிலை வாங்கியவர் கேத்தியில் இருந்து வந்த ஒரு காய்கறி விவசாயி. மகளுக்குக் கல்யாணமாம். மச்சானையும் ஒரு பிக்அப் வண்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார். கட்டிலின் நான்கு காலையும் விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டார். பலகைக்கு அடியில் கையை விட்டுத் தடவி, தூள் ஒட்டுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். "தேக்குதான், ஆனா தலைமாட்டுல ஒரு விரிசல் இருக்கேண்ணா" என்றார் அப்பாவிடம். பேரம் பதினோராயிரத்தில் ஆரம்பித்து பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கு வந்து நின்றது. தையல் மிஷினையும் பார்த்துவிட்டு, மகள் தைப்பாள் என்று அதையும் கேட்டார். அம்மா அதற்கு விலை பேசவில்லை, அவர் சொன்ன 3,000-க்கே சம்மதித்தார்.

அப்பாவின் க்யூஆரை அவர் ஸ்கேன் செய்து பணம் அனுப்பிவிட்டு, பச்சை டிக்கைக் காட்டினார். பச்சை டிக்கை மட்டும் காட்டும் போலி செயலிகள் இருக்கின்றன, அதனால் அவர் போனைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்று அப்பாவுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே அப்பா, "கொஞ்சம் இருங்க தம்பி, என் கணக்குல ஒரு தடவை பார்த்துக்கறேன்" என்றார். மேகம் இறங்கியிருந்தது, சிக்னல் இல்லை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரோட்டு வளைவு வரை நடந்து போனார். அந்த விவசாயி முகம் சுளிக்கவில்லை. "பாருங்கண்ணா, நல்லாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அம்மா கொடுத்த டீயைக் குடித்தபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

கால் மணி நேரம் கழித்து அப்பா திரும்பி வந்தார். "15,500. ஏறிடுச்சு" என்றார். அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கட்டிலின் தலைமாட்டுப் பக்கத்தை அவரே பிடித்தார்.