அம்மாவுக்கு மூங்கில் வீடு: உளுத்துப்போன முதல் லோடுல இருந்து வரி ரசீது வரைக்கும்

வீட்டு வரி ரசீது ஒருவழியா ஐப்பசியில கைக்கு வந்துச்சு. வீடு முடிஞ்சு பதினாலு மாசம் கழிச்சு. அதனால இப்ப எழுதுறேன், இதே வேலைய யாராவது ஆரம்பிச்சா நான் அலைஞ்ச அலைச்சல்ல பாதியாவது அவங்களுக்கு மிச்சமாகட்டும்.

எங்க ஊரு வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் கரையைக் கடந்தப்ப எங்க வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒண்ணொண்ணா பிச்சுக்கிட்டு போச்சு. பக்கத்து வீட்டுக் கீத்துக்கூரை அப்படியே முழுசா தூக்கி எங்க கொல்லையில கெடந்துச்சு. அம்மா அதுக்கப்புறம் மூணு வருஷம் காத்து கொஞ்சம் வேகமா அடிச்சாலே தூங்காது. கான்கிரீட் வீடு கட்ட கையில காசு இல்ல. மூங்கில்ல கட்டலாம்னு நான் சொன்னதும் சொந்தக்காரங்க எல்லாம் "திரும்பவும் குடிசையா"ன்னு தான் கேட்டாங்க.

முதல் தப்பு என்னோடது. 2022 தையில ஒரு வியாபாரிகிட்ட "மருந்து ஏத்தின மூங்கில்"னு சொன்னதை நம்பி ஒரு லாரி லோடு வாங்கினேன். பார்க்க பச்சையா, நேரா, அழகா இருந்துச்சு. வைகாசியில கொட்டகையில அடுக்கி வச்சிருந்த மூங்கிலுக்குக் கீழ வெள்ளையா மாவு சிந்தின மாதிரி கெடக்குது, அம்மா கூட்டுது, மறுநாள் திரும்பவும் கெடக்குது. கிட்ட போய் பார்த்தா குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை, வரிசையா. காதை வச்சுக் கேட்டா உள்ள கறக் கறக்குன்னு சத்தம். உளு விழுந்துடுச்சு. ஆடி முடியறதுக்குள்ள முக்கால்வாசி மூங்கிலை விரலால அமுக்கினாலே உள்ள போற நிலைமை. நாப்பத்தி ரெண்டாயிரம் ரூபா, அடுப்பெரிக்கத்தான் ஆச்சு. அந்த வியாபாரி போனை எடுக்கவே இல்ல.

அப்புறம்தான் புரிஞ்சுது, பச்சையா அழகா இருக்கிறதுதான் இளசு. ஒரு வருஷம் ரெண்டு வருஷ மூங்கில்ல மாவுச்சத்தும் தண்ணியும் அதிகம், உளு வண்டுக்கு அதுதான் சாப்பாடு. வீட்டுக்கு மூணுல இருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் முத்தின கழி வேணும். கணுவுல மட்டை ஒட்டியிருந்தா, மேல வெள்ளைப் பொடி பூத்திருந்தா அது இளசு, தொடாதீங்க. முத்தினதுல பச்சை மங்கி சாம்பல் திட்டு திட்டா படிஞ்சிருக்கும், தட்டினா கணகணன்னு சத்தம் வரும். அம்மா மொதல்லயே "தேய்பிறையில வெட்டி ஆத்துல ஊறப் போடுவாங்கடா, உங்க தாத்தா அப்படித்தான்"னு சொல்லிச்சு. தண்ணியில ஊறினா மாவுச்சத்து கரைஞ்சு போகும்ங்கிறது உண்மைதான், நான் காதுல வாங்கல.

ரெண்டாவது தடவை கொள்ளிடக் கரையோரம் ஒருத்தரோட பட்டா நிலத்துப் புதர்ல நானே நின்னு கழி கழியா பார்த்து சுண்ணாம்புல கோடு போட்டு வெட்டினோம். முள் மூங்கில், அடியில பின்னிக் கெடக்கும், ரெண்டு நாள்ல கையெல்லாம் கிழிஞ்சுது. மருந்தும் நாங்களே ஏத்தினோம். கொல்லையில நீளமா பள்ளம் வெட்டி, தார்ப்பாய் விரிச்சு, 100 லிட்டர் தண்ணிக்கு 3 கிலோ வெண்காரம் (போராக்ஸ்), 2 கிலோ போரிக் ஆசிட். இதுல ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க: கணுவை உள்ளுக்குள்ள நீளக் கம்பியால குத்தி ஓட்டை போடலைன்னா மருந்து உள்ள போகவே போகாது, வெளித்தோல் மெழுகு மாதிரி, ஒண்ணும் உறிஞ்சாது. ரெண்டு வாரம் ஊறவச்சு நிழல்ல காய வச்சோம். ஆட்டையும் மாட்டையும் அந்தப் பள்ளத்துப் பக்கம் விடாதீங்க.

மருந்து ஏறிச்சானு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்ச கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருத்தர் செஞ்சு காட்டினார். மஞ்சள்தூளை ஸ்பிரிட்ல ஊறவச்சு வடிச்சு, கழியோட நடுவுல வெட்டின முகத்துல தடவி, காஞ்சதும் மேல ஒரு ஆசிட் கரைசலைத் தடவினார். கொஞ்ச நேரத்துல அந்த மஞ்சள் அப்படியே குங்குமச் செவப்பா மாறுச்சு. வெண்காரத்துலயும் போரிக் ஆசிட்லயும் இருக்கிறது போரான், அது ஏறின இடம் செவக்கும், ஏறாத இடம் மஞ்சளாவே நிக்கும். பழைய லோடுல மிச்சமிருந்த ஒரு துண்டையும் தடவிப் பார்த்தோம், மஞ்சளாவே இருந்துச்சு. ஒரு சொட்டு மருந்து கூட ஏத்தல அந்த ஆளு. எனக்கு அன்னைக்கு அழுகையே வந்துடுச்சு. மருந்து ஏத்தினதுன்னு யாராவது வித்தா, துண்டு ஒண்ணு வாங்கி இதைச் செஞ்சு பார்த்துட்டு காசு குடுங்க.

டிசைன்ல கையெழுத்துப் போட மூணு இன்ஜினியர் மாட்டேன்னுட்டாங்க. நாலாவதா திருத்துறைப்பூண்டியில ஒரு தம்பி ஒத்துக்கிச்சு. அது மொதல் நாள் சொன்னது இன்னும் மனசுல நிக்குது: "அண்ணே, மூங்கில் வீடு நிலநடுக்கத்துல நல்லா நிக்கும், ஏன்னா லேசு. 1991ல கோஸ்டாரிகாவுல லிமோன் பக்கம் பெரிய நடுக்கம் வந்தப்ப மூங்கில் வீடுங்க நின்னுச்சு. ஆனா நம்ம பிரச்சினை காத்து. காத்துக்கு அந்த லேசுதான் எமன். நம்ம வீடு உடையாது, பறக்கும். அதைத் தரையோட கட்டிப் போடுறதுதான் டிசைனே." ஒல்லிக் கழில கூரை போட்டு செலவைக் கொறைக்கணும்னு அதுவரைக்கும் நான் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு அதை விட்டுட்டேன்.

அதனால செலவுல பெரும் பங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்துல போச்சு. தரையில இருந்து ரெண்டரை அடி மேடை, அதுக்கு மேல பதினாலு கான்கிரீட் குத்துக்கல், ஒவ்வொண்ணுலயும் 12 எம்எம் கம்பி நிக்கும், அந்தக் கம்பி மேல மூங்கில் கால் இறங்கி, கம்பி எட்டுற கணு வரைக்கும் மூங்கிலுக்கு உள்ள சிமெண்ட் கலவை நிரப்பணும். மூங்கில் மண்ணைத் தொடவே கூடாது, தொட்டா ஈரமும் கரையானும் சேர்ந்து தின்னுடும், வெண்கார மருந்தும் நனைஞ்சுக்கிட்டே இருந்தா கரைஞ்சு வெளிய வந்துடும். கூரை நாலு பக்கமும் சரிவு. இறவாணத்தை, அதாவது சுவரைத் தாண்டி வெளிய வர்ற கூரை ஓரத்தை, ரொம்ப நீட்டினா காத்து அதைப் பிடிச்சுத்தான் தூக்கும், நீட்டலைன்னா சாரல்ல சுவர் நனையும், அதனால தாழ்வாரத்தை தனிக் கூரையா போட்டோம், பெரும்புயல்ல போனா அது மட்டும் போகட்டும், வீட்டுக்கூரை நிக்கட்டும்னு. சுவர் பிளந்த மூங்கில் வரிச்சு, மேல கோழிவலை, ரெண்டு பக்கமும் பூச்சு. மூலைக்கு மூலை குறுக்குக் கழி, அதை மட்டும் மறக்கவே மறக்காதீங்க.

ஆசாரிகிட்ட ஆணி வேணாம் ஆணி வேணாம்னு நூறு தடவை சொல்லியிருந்தேன். ஒருநாள் மருந்து வாங்க நாகப்பட்டினம் போயிட்டு வர்றதுக்குள்ள பதினோரு கைமரத்துல ஆணி அடிச்சுட்டார், பதினொண்ணும் நெடுக்க பிளந்து கெடக்குது. அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன், நாப்பது வருஷம் மரத்துல பழகின கை. மூங்கிலுக்கு மொதல்ல ட்ரில்லுல ஓட்டை, அப்புறம் போல்ட்டும் அகல வாஷரும், ஓட்டை கணுவுக்குப் பக்கத்துல, போல்ட் போற அறையில, அதாவது ரெண்டு கணுவுக்கு நடுவுல இருக்கிற பொந்துல, கலவை நிரப்பணும், இல்லைன்னா முறுக்க முறுக்க கழி நசுங்கும். அடுத்த நாள்ல இருந்து லீவு போட்டு நானே பக்கத்துல நின்னேன்.

பேங்க் கதை சுருக்கமா: மூங்கில்னு கேட்டதும் லோன் இல்லைன்னுட்டாங்க. அம்மா நகையை வச்சேன். 320 சதுர அடி, உளுத்த லோடையும் சேர்த்து மொத்தம் நாலு லட்சத்து இருபதாயிரம் ஆச்சு.

வரி போடப் போனப்பதான் ரொம்ப நொந்துட்டேன். படிவத்துல கூரை, ஓடு, கான்கிரீட், மூணுதான். அங்க இருந்த எழுத்தர் நிமிர்ந்து கூட பார்க்காம "மூங்கிலா, குடிசைனு போட்டுடறேன்"னார். நான் ஷீட் கூரை சார், குத்துக்கல், போல்ட்னு சொல்லச் சொல்ல, "குடிசைன்னே இருக்கட்டுமேங்க, புயல் வந்து விழுந்தா நிவாரணம் கிடைக்கும்ல"ன்னார். விழக்கூடாதுன்னு தானே சார் கட்டியிருக்கோம்னு சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. ஆறு தடவை நடந்தேன். ஒரு தடவை அவர் லீவு, ஒரு தடவை முத்திரை இல்ல, ஒரு தடவை பத்திர நகல் தெளிவா இல்ல.

கடைசியில வேலை செஞ்சது ஒரு காகிதக் கட்டு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016ல பகுதி 6ல மூங்கிலுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, மூங்கில் கட்டுமான டிசைனுக்கு ஐஎஸ் 15912ன்னு இந்தியத் தரமே இருக்கு. அந்த இன்ஜினியர் தம்பி அந்த ரெண்டையும் குறிப்பிட்டு லெட்டர்ஹெட்ல உறுதிச் சான்று எழுதிக் குடுத்துச்சு. கூடவே அஸ்திவாரத்துல கம்பி நிக்கிற போட்டோ, கலவை ஊத்துற போட்டோ, தேதியோட. மேலதிகாரி மேசையில வச்சேன், அவர் நின்னு முழுசா படிச்சார், "இந்தக் கம்பி உள்ளயே போகுதா"ன்னு கேட்டுட்டு ஓட்டு வீடு கணக்குல சேர்க்கச் சொல்லிட்டார். அதனால, மூடிப் போற ஒவ்வொரு வேலையையும் மூடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வைங்க, பின்னாடி சுவரை உடைச்சா காட்ட முடியும்?

இந்த வீடு இன்னும் கஜா மாதிரி ஒண்ணைப் பார்க்கல, அதைச் சொல்லிடணும். 2024 நவம்பர் கடைசியில ஃபெங்கல் புயல் நேரத்து மழை ராத்திரி பகலா ஊத்துச்சு, வாசல்ல முழங்கால் தண்ணி, மேடைக்கு மேல ஏறல. மேற்குச் சுவர்ல மட்டும் பூச்சுல மயிரிழை வெடிப்பு, சுண்ணாம்பு அடிக்கணும். மூங்கில் காயக் காய சுருங்கும், போல்ட் தளரும், அதனால வருஷா வருஷம் புரட்டாசியில ஒரு தடவை எல்லாத்தையும் முறுக்கணும். இந்தத் தடவை பதினேழு நட்டு தளர்ந்திருந்துச்சு. நான் ஏணியில நிக்க, அம்மா கீழ நின்னு ஒவ்வொரு காலுக்கும் சுண்ணாம்புல நம்பர் போட்டு எண்ணிக்கிட்டு வந்துச்சு. அந்த ஃபெங்கல் மழை ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தேன், அம்மா தூங்கிக்கிட்டு இருந்துச்சு.