வேலைநிறுத்தம் செய்ய முடியாத சங்கத்தின் கையில் என்ன இருக்கிறது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கான்ஸ்டபிள் முதல் தலைமை இன்ஸ்பெக்டர் வரை எல்லோருக்கும் ஒரே அமைப்புதான்: போலீஸ் பெடரேஷன். சட்டப்படி அது தொழிற்சங்கம் ஆகாது. 1996ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 64ஆம் பிரிவு காவலர்கள் தொழிற்சங்கத்தில் சேர்வதைத் தடுக்கிறது. 91ஆம் பிரிவின்படி, பணி செய்யாதே என்று ஒரு காவலரைத் தூண்டுவது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. ஆகவே பெடரேஷன் பிரதிநிதி ஒருவர் கூட்டத்தில் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் எடைபோட வேண்டியிருக்கிறது. "நாளை வராதீர்கள்" என்று சொன்னால் வழக்கு வரும். "உங்களுக்குச் சேர வேண்டியதை ஒரு பென்னி விடாமல் எழுதிக் கேளுங்கள்" என்று சொல்லத் தடை இல்லை. இவ்வளவு குறுகிய இடத்துக்குள் நின்றுதான் சம்பளத்துக்காகப் போராட வேண்டும் என்பதால், எந்த வழியில் போவது என்ற சண்டை இங்கே எப்போதும் ஓய்ந்ததில்லை.

தடை எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். 1918 ஆகஸ்ட் 30 அன்று லண்டன் காவலர்கள் திடீரென வேலையை நிறுத்தினார்கள். உலகப் போரின் நடுவில், ஜெர்மனி இன்னும் தோற்காத நேரம். மறுநாளே பிரதமர் லாயிட் ஜார்ஜ் வாரத்துக்கு 13 ஷில்லிங் உயர்வுக்கு ஒப்புக்கொண்டார். அவர்கள் அமைத்திருந்த சங்கத்துக்கு அங்கீகாரம் மட்டும் போர்க்காலத்தில் தர இயலாது என்றார். போர் முடிந்ததும் தருவார் என்று சங்கத்தார் எடுத்துக்கொண்டார்கள். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. அந்தத் தவறுக்கு அடுத்த ஆண்டு கொடுத்த விலை மிகப் பெரியது.

1919இல் அரசு இரண்டு காரியங்களைச் செய்தது. டெஸ்பரோ குழுவை அமைத்து, கான்ஸ்டபிளின் வாரச் சம்பளத்தை 70 ஷில்லிங்கில் தொடங்கி 90 வரை உயர்த்தும் பரிந்துரையை வாங்கியது. கூடவே சங்கத்தைத் தடைசெய்யும் மசோதாவைக் கொண்டுவந்தது. சம்பளக் குறை தீரப்போகிறது என்று தெரிந்தபின் சங்கத்தின் பெயருக்காக மட்டும் வேலையை விட எத்தனை பேர் வருவார்கள்? ஜூலை கடைசியில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் நாடு முழுவதும் 2,364 பேர்தான் இறங்கினார்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர் லிவர்பூல் நகரக் காவலர்கள். அங்கே நிலைமை மற்ற ஊர்களைவிட மோசமாக இருந்தது. கடைகள் சூறையாடப்பட்டன, ராணுவம் வந்தது. இறங்கிய அத்தனை பேரும் வேலையை இழந்தார்கள், ஒருவர்கூடத் திரும்ப எடுக்கப்படவில்லை. முதல் ஆண்டு வென்றதே இரண்டாம் ஆண்டுக்கும் போதும் என்று நம்பியதுதான் அவர்களைக் கெடுத்தது. இதே போன்ற தடையாக 1922இல் பிரிட்டிஷ் இந்தியாவில் காவல்துறை அதிருப்தித் தூண்டல் தடைச் சட்டமும் வந்தது. நம் ஊர்க் காவலர்களுக்குச் சங்கம் இல்லாததன் பின்னணியில் இந்த வரலாற்றுக்கும் பங்கு உண்டு.

தடைக்குள் இருந்தபடியே பெற்ற பெரிய வெற்றி 1978இல் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே பெடரேஷன் சம்பளப் பேச்சுவார்த்தைக் குழுவிலிருந்து வெளியேறியிருந்தது. வேலைநிறுத்த உரிமை கேட்டு மாநாட்டில் தீர்மானமும் போட்டது. அதே காலத்தில் சம்பளம் போதாமல் காவலர்கள் வேலையை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள், தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது. அரசு எட்மண்ட் டேவிஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. குழு 45 சதவீத உயர்வைப் பரிந்துரைத்தது; அதற்குமேல் ஆண்டுச் சம்பளத்தை நாட்டின் சராசரி ஊதியக் குறியீட்டோடு கட்டியும் வைத்தது. அந்த இணைப்பின் மதிப்பு 45 சதவீதத்தைவிடப் பெரியது. ஏனென்றால் ஒவ்வொரு ஆண்டும் சண்டை போடத் தேவையில்லாமல் பல ஆண்டுகள் அது வேலை செய்தது.

வெளிநடப்பு செய்தால் கிடைக்கும் என்ற நம்பிக்கை அன்றிலிருந்து பலரிடம் ஊறிவிட்டது. ஆட்பற்றாக்குறையும் தேர்தல் நெருக்கடியும் கூடவே இருந்ததை மறந்துவிட்டார்கள்.

2007இல் நடுவர் மன்றம் செப்டம்பர் 1 முதல் 2.5 சதவீதம் என்று தீர்ப்பளித்தது. உள்துறை அமைச்சர் ஜாக்கி ஸ்மித் அதை டிசம்பர் 1 முதல்தான் தருவேன் என்றார். மூன்று மாதம் தள்ளியதால் அந்த ஆண்டின் உண்மை உயர்வு 1.9 சதவீதமாகச் சுருங்கியது. ஸ்காட்லாந்துக் காவலர்களுக்குச் செப்டம்பரிலிருந்தே முழுதும் கிடைத்தது. 2008 ஜனவரியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்கள் லண்டனில் ஊர்வலம் போனார்கள். தேதி மாறவில்லை. அடுத்து, காவலர் சம்பளத்தையும் பணி விதிகளையும் அரசுக்காக ஆராய்ந்த டாம் வின்சரின் ஆய்வறிக்கைகள் வந்து, புதிதாகச் சேர்பவரின் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 19,000 பவுண்டு என இறங்க வழி திறந்தது. 2012 மே மாதம் இன்னும் பெரிய ஊர்வலம், குறைக்கப்படவிருந்த பணியிடங்களைக் குறிக்க 16,000 கறுப்புத் தொப்பிகள். அதற்கும் உள்துறை அமைச்சர் தெரசா மே அசையவில்லை. விடுமுறை நாளில் ஒழுங்காக நடந்துபோய் ஒழுங்காகக் கலையும் ஊர்வலத்தால் அரசுக்கு எந்தச் செலவும் இல்லை. அதனால் ஊர்வலத்தை நான் ஆயுதமாகக் கணக்கில் எடுப்பதில்லை.

2013 வாக்கெடுப்பு விவாதிக்கத் தகுந்தது. வேலைநிறுத்தம் போன்ற தொழில் உரிமைகளைக் கேட்கலாமா என்று உறுப்பினர்களிடம் கேட்டார்கள். வேண்டும் என்றவர்கள் 45,651, வேண்டாம் என்றவர்கள் 10,681. வாக்களித்தவரில் 81 சதவீதம் ஆதரவு. ஆனாலும் தோற்றது. மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும் என்று பெடரேஷனே விதி வைத்திருந்தது; வாக்களித்தவரோ 42 சதவீதம்தான். எல்லோரும் ஆம் என்று போட்டிருந்தாலும் ஜெயித்திருக்க முடியாது! இவ்வளவு கனமான முடிவுக்கு உயர்ந்த வரம்பு நியாயம் என்பவர்கள் உண்டு, அதில் பொருளும் உண்டு. ஆனால் அப்படி வரம்பு வைத்தால் கிளை கிளையாகப் போய், ஷிப்ட் ஷிப்டாக வாக்கு திரட்டியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் வாக்கெடுப்பு நடத்தி, உறுப்பினர் பலத்தின் அளவை அமைச்சருக்கு எண்ணிக் கொடுத்துவிட்டார்கள்.

என் பார்வையில் உண்மையான ஆயுதம் விதிப்படி வேலைதான்: விதி கேட்பதை மட்டும் செய்வது, சேர வேண்டியதை முழுதும் கேட்பது. காவலர் வேலையில் எவ்வளவு உழைப்பு இலவசமாகப் போகிறது என்பதை ஓவர்டைம் விதியைப் படித்தாலே புரிந்துகொள்ளலாம். முன்கூட்டியே சொல்லாமல் ஷிப்ட் நீண்டால், வாரத்தில் முதல் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் முதல் 30 நிமிடம் கணக்கில் வராது. மிச்சத்தில் முழுமையான 15 நிமிடங்களுக்கு மட்டும் ஒன்றே மூன்றில் ஒரு பங்கு வீதம் பணம். மாலை 3 மணிக்கு முடிய வேண்டிய ஷிப்ட், ஒரு கைதால் 4.10 வரை போகிறது என்று வையுங்கள். கூடுதல் 70 நிமிடத்தில் 30 கழிந்தால் 40. அதில் முழுமையான 15 நிமிடங்கள் இரண்டு. ஆக 30 நிமிடத்துக்கு, 40 நிமிடச் சம்பளம். இப்படி வாரத்துக்கு இரண்டு மணி நேரம்வரை சட்டப்படியே இலவசம். ஷிப்ட் தொடங்கும் முன்பே ஓவர்டைம் உண்டு என்று அறிவித்துவிட்டால் இந்தக் கழிவு கிடையாது. ஆகவே எப்போது சொன்னார்கள் என்பதைக் குறித்துவைப்பது காசு.

வார ஓய்வு நாள் ரத்தானால், 15 நாளுக்குக் குறைவான அறிவிப்பு என்றால் ஒன்றரை மடங்கு. அதற்கு முன்பே சொல்லியிருந்தால் மாற்று ஓய்வு நாள் மட்டும். ஐந்து நாளுக்குள் ரத்தானால் இரட்டைச் சம்பளம் என்று முன்பு இருந்ததை வின்சர் பரிந்துரைக்குப் பின் எடுத்துவிட்டார்கள். இங்கே வழக்கமாக நடக்கும் பிழைகள் சிறியவை, இழப்பு பெரியது: நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதாமல் விடுவது, மேலதிகாரி முகம் சுளிப்பார் என்று படிவம் போடாமல் இருப்பது, மாற்று நாளைக் கேட்காமலே மாதங்களைக் கடத்துவது, ஷிப்டுக்கு இருபது நிமிடம் முன்பே வந்து பொறுப்பேற்பது, சொந்தக் கைபேசியில் அலுவலக வேலை பார்ப்பது.

ஸ்காட்லாந்துக் காவலர்கள் 2022 ஜூலையில் இதைத்தான் நிறுத்தினார்கள். ஆண்டுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் பவுண்டு தருகிறோம் என்று வந்த பேச்சை ஏற்காமல், சீக்கிரம் வருவதில்லை, சொந்தக் கைபேசி இல்லை, ஓவர்டைம் முழுவதும் எழுதப்படும் என்று அறிவித்தார்கள். யாரும் சட்டத்தை மீறவில்லை. சில வாரங்களில் 5 சதவீதத்துக்கு ஒப்பந்தம் ஆனது. அவர்களுக்குப் பேச்சுவார்த்தை மேசையும் கைவசம் இருந்தது என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸில் 2014இல் அந்த மேசையை எடுத்துவிட்டு, மனு வாங்கிப் பரிந்துரை மட்டும் செய்யும் சீராய்வுக் குழுவை வைத்தார்கள். 2021இல் சம்பளம் உறைந்தபோது பெடரேஷன் அந்தக் குழுவிலிருந்தும் வெளியேறியது. கோபம் நியாயமானது. ஆனால் உள்துறை அமைச்சகமும் நிதி அமைச்சகமும் தங்கள் ஆவணங்களைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்க, காவலர் தரப்பு நாற்காலியைக் காலியாக விட்டது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த ஆண்டு வந்தது எல்லோருக்கும் ஒரே தொகையாக 1,900 பவுண்டு. தொடக்கச் சம்பளம் 21,654இலிருந்து 23,556 ஆனது, ஏறக்குறைய 8.8 சதவீதம். கான்ஸ்டபிளின் உச்சச் சம்பளம் 41,130இலிருந்து 43,032, 4.6 சதவீதம். அந்த அக்டோபரில் விலைவாசி உயர்வு 11.1 சதவீதம். புதியவருக்கு ஓரளவு ஆறுதல், இருபது ஆண்டு பணியாற்றியவருக்குத் தெளிவான இழப்பு. ஒரே அறையில் உட்கார்ந்து இவர்கள் எப்படி ஒரே கோரிக்கை வைப்பார்கள்?

பதவித் தரங்களுக்கிடையிலான பிரிவு இதைவிட ஆழமானது. இன்ஸ்பெக்டர்களுக்கு ஓவர்டைம் 1994இலேயே சம்பளத்தில் சேர்க்கப்பட்டு முடிந்துவிட்டது. எனவே ஓவர்டைமை முழுதாக எழுதுங்கள் என்ற அழைப்பால் அவர்களுக்கு வரும்படி இல்லை. அந்தப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுப் பட்ஜெட்டுக்குப் பதில் சொல்லும் சுமைதான் வருகிறது. நீண்ட காலம் பெடரேஷனின் மத்தியக் குழுவில் கான்ஸ்டபிள், சார்ஜன்ட், இன்ஸ்பெக்டர் மூன்று தரப்புக்கும் சம இடங்கள் இருந்தன. எண்ணிக்கையில் மிகப் பெரும்பான்மை கான்ஸ்டபிள்கள். விதிப்படி வேலை என்ற பேச்சு மேலே போகப்போக ஏன் மென்மையாகிவிடுகிறது என்று கிளைகளில் கேட்பவர்கள் இந்த இருக்கைக் கணக்கைப் பார்க்கட்டும். இன்ஸ்பெக்டர்களின் கூடுதல் நேரத்தைப் பதிவு செய்து ஈடுசெய்யும் விடுப்பாகக் கேட்கும் கோரிக்கையையும் அதே அழைப்பில் சேர்த்தால்தான் அவர்களும் கூட நிற்பார்கள்.