அத்தையின் கடையில் தவணை வைத்த கதை

தஞ்சாவூரில் என் அத்தை படம் போடுகிறார். தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டி, கண்ணாடிக் கல் பதித்த தஞ்சாவூர் ஓவியங்கள். அவற்றை விற்கும் சின்ன இணையக் கடையைப் பார்த்துக்கொள்வது என் பொழுதுபோக்கு. பிழைப்பு எனக்கு வேறு. சனி ஞாயிறு மட்டும்தான் இதைக் கிளறுவேன். தளத்துக்கு வேர்ட்பிரஸ், அதன்மேல் கடை நடத்த வூகாமர்ஸ், இணையத்தில் பணம் வாங்கித் தர ஒரு பேமென்ட் கேட்வே நிறுவனம். அவ்வளவுதான் சரக்கு.

சின்னப் படம் 4,500 ரூபாய். தவழும் கிருஷ்ணர் 12,000. ராமர் பட்டாபிஷேகம் 18,500. விலை பத்தாயிரத்தைத் தாண்டினால் கூடையில் போட்டுவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள். வாட்ஸப்பில் வாரத்துக்கு ஒருவராவது "மேடம், இ.எம்.ஐ. இருக்கா?" என்று கேட்கிறார். அத்தையிடம் சொன்னபோது, "தவணைதானே? நோட்டுல எழுதிக்கிட்டா ஆச்சு" என்றார். நான் சிரித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வருகிறேன்.

முதல் வாரம்

நிரல் எழுதும் வேலை நிறைய இருக்கும் என்று நினைத்து உட்கார்ந்தேன். கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.க்கு நம் பக்கம் எழுத ஒன்றுமே இல்லை. கேட்வேயின் கணக்குப் பக்கத்தில் ஒரு கோரிக்கை கொடுக்க வேண்டும், அவர்கள் திறந்துவிட வேண்டும். கடன் கொடுப்பது வாடிக்கையாளரின் வங்கி. நமக்கு வழக்கம்போல இரண்டு மூன்று நாளில், கட்டணம் போக முழுத்தொகையும் வந்துவிடும்.

கோரிக்கை கொடுத்தேன், பதிலுக்கு ஒரு கேள்வி வந்தது. "உங்கள் பொருள்களில் தங்கம் இருப்பதாகப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நகைக்கடையா?"

நகை வாங்கியதை வங்கிகள் இ.எம்.ஐ. ஆக மாற்றித் தருவதில்லை. கடை எந்த வகை என்பதை நான்கு இலக்க எண் ஒன்றால்தான் கார்டு உலகம் அடையாளம் காண்கிறது. நகைக்கடை என்றால் 5944, ஓவிய விற்பனை என்றால் 5971. எங்கள் தளத்திலோ ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் '22 காரட் தங்கம்' என்று கொட்டை எழுத்தில் நானே பெருமையாகப் போட்டு வைத்திருந்தேன். ரேக்கு எவ்வளவு மெல்லியது, பலகையில் துணி ஒட்டிச் சுண்ணப்பொடியும் கோந்தும் குழைத்து மேடு எழுப்பி அதன்மேல் அதை எப்படி ஒட்டுகிறோம் என்று அத்தை வேலை செய்யும் படங்களோடு ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். நான்கு நாளில் திறந்துவிட்டார்கள். தங்கம் என்ற சொல்லைத் தளத்திலிருந்து எடுக்கவில்லை. அதுதானே படம்.

இரண்டாம் வாரம்

பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் இ.எம்.ஐ. இருந்தால் யாருக்கும் தெரியாது. அதற்கு முன்பே ஓடிவிடுகிறார்கள். படத்தின் பக்கத்திலேயே, விலைக்கு அடியில், 'மாதம் இவ்வளவு முதல்' என்று ஒரு வரி வேண்டும். வூகாமர்ஸில் அந்தப் பக்கத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரிசை எண் உண்டு. விலை 10, சிறுகுறிப்பு 20, கூடையில் சேர்க்கும் பட்டன் 30. நான் 11 என்று கொடுத்து நுழைந்தேன். சரியாக விலையின் காலடியில் போய் உட்கார்ந்தது.

கணக்கில்தான் கோட்டை விட்டேன். 12,000 ரூபாய், ஆண்டுக்கு 15 சதவீதம், ஆறு மாதம். பள்ளிக்கூடத்துத் தனிவட்டி போட்டேன்: வட்டி 900, மொத்தம் 12,900, மாதம் 2,150. பளிச்சென்று பக்கத்தில் வந்தது. கேட்வேயின் பணம் கட்டும் பெட்டியைத் திறந்து பார்த்தால் அதே தொகைக்கு அதே வட்டியில் 2,088 காட்டுகிறது. ஒரு மணி நேரம் அவர்கள் கணக்கில்தான் பிழை தேடினேன்!

மாதாமாதம் அசலும் குறைகிறது. மிச்ச அசலுக்குத்தான் வட்டி. முதல் மாதம் 12,000-க்கு 150 ரூபாய் வட்டி, கட்டிய மிச்சம் அசலில் கழிகிறது. அடுத்த மாதம் அதைவிடக் குறைந்த தொகைக்கு வட்டி. இப்படிப் போட்டால் மாதம் 2,088 ரூபாய் 41 காசு, ஆறு மாத வட்டி 530 ரூபாய்தான். நான் போட்ட கணக்கு வாடிக்கையாளரைப் பயமுறுத்தி 370 ரூபாய் கூடுதலாகக் காட்டியிருக்கிறது. இன்னொன்று, அந்த 530-க்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, சுமார் 95 ரூபாய். வங்கியின் செயலாக்கக் கட்டணம் தனி. இந்த இரண்டையும் சின்ன எழுத்தில், ஆனால் அதே வரிக்குக் கீழேயே போட்டேன். பெரிய கடைகள் இதை ஏன் கண்ணில் படாத இடத்தில் வைக்கின்றன என்பது எனக்கு விளங்காமல் இல்லை.

படச் சட்டத்தின் (ஃபிரேம்) அளவை மாற்றினால் விலை மாறும், மாதத் தொகை மாறாமல் நிற்கும் என்பது மறுநாள்தான் கண்ணில் பட்டது. அளவைத் தேர்ந்தெடுக்கும்போது பக்கம் ஒரு சமிக்ஞை விடும். அதைக் கேட்டுக் கணக்கைத் திரும்பப் போடும் பத்து வரி ஜாவாஸ்கிரிப்டில் சரியானது.

மூன்றாம் வாரம்

சோதனை முறையில் எல்லாம் பச்சை. நேரலைக்கு மாற்றி, 100 ரூபாய்க்கு ஒரு பொய்ப் பொருள் செய்து, என் கார்டில் கட்டப் போனேன். இ.எம்.ஐ.யைக் காணோம். நிரலை வரி வரியாகப் படித்தேன், சேமித்து வைத்திருந்த பழைய நகல்களை (கேஷ்) அழித்தேன், தளத்தில் கூடுதலாகச் சேர்த்த செருகுநிரல்களை (பிளகின்) ஒவ்வொன்றாக அணைத்தேன். கடைசியில், தொகை 3,000-க்குக் கீழே என்றால் என் வங்கி இ.எம்.ஐ.யே தராது! நூறு ரூபாய்க்குத் தவணை கேட்டிருக்கிறேன்.

பணம் கட்டும் பக்கத்தில் நான் போட்ட விளக்க வரியும் வரவில்லை. 2023 நவம்பரில் வந்த 8.3 பதிப்பிலிருந்து, புதிதாகத் தொடங்கும் கடைகளுக்கு வூகாமர்ஸ் கட்டக (பிளாக்) முறைச் செக்கவுட்டை, அதாவது பணம் கட்டும் பக்கத்தைத்தான் தருகிறது. என் நிரலை மாட்ட நான் பிடித்துத் தொங்கிய கொக்கி பழைய முறைக்கு உரியது. படித்திருக்க வேண்டும், படிக்கவில்லை. வரியைப் பக்கத் தொகுப்பியிலேயே ஒரு பத்தியாகப் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

அடுத்து 'நோ காஸ்ட்', அதாவது வட்டியில்லா இ.எம்.ஐ., வேண்டுமா என்ற பேச்சு. வட்டியில்லாக் கடனைச் சும்மா யாரும் தருவதில்லை. 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியைக் கட்டணம் என்ற பெயரில் ஒளித்து வைக்காதீர்கள் என்று வங்கிகளிடம் சொல்லிவிட்டது. இப்போது நடப்பது வேறு வித்தை. 12,000 படத்துக்கு அத்தை 508 ரூபாய் தள்ளுபடி கொடுக்க வேண்டும். வங்கி 11,492-ஐக் கடனாக எழுதிக்கொள்ளும். அதற்கு வட்டி சேர்ந்து மாதம் 2,000 வீதம் ஆறு மாதத்தில் சரியாக 12,000 ஆகும். வாடிக்கையாளர் கண்ணுக்கு வட்டி இல்லை. அந்த 508-க்கு ஜி.எஸ்.டி.யை அவர்தான் கட்டுவார்.

அத்தை கேட்டார்: "ஏண்டா, அவங்க வட்டிய நான் கட்டணுமா?"

"ஆமா."

"அப்ப படத்து விலைய ஐந்நூறு ஏத்தணும். ரொக்கமா வாங்குறவன் என்ன பாவம் பண்ணான்?"

வைக்கவில்லை.

நடுவில் ஒரு போன்

மூன்று வாரத்தில் இ.எம்.ஐ.யில் ஒரே ஓர் ஆர்டர். 18,500 பட்டாபிஷேகம், ஒன்பது மாதத் தவணை. எனக்கு ஒரே குஷி. இரண்டாம் நாள் பணம் முழுவதும் அத்தை கணக்கில். அன்றைக்குத்தான் கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போன் செய்தார்.

"தம்பி, எனக்குக் கார்டெல்லாம் கிடையாது. படம் போட எப்படியும் நாப்பது நாள் ஆகும்ங்கிறாங்க உங்க அத்தை. அதுக்குள்ள மூணு தடவையாக் குடுத்துடறேனே, ஆகாதா?"

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எங்கள் பெரிய படங்கள் எல்லாமே ஆர்டரின் பேரில் செய்பவை. அந்தப் பட்டாபிஷேகத்துக்கு இன்னும் பலகைகூட வெட்டவில்லை. ஆனால் வாங்கியவருக்கு வட்டி ஓட ஆரம்பித்துவிட்டது. முழுப்பணமும் அத்தை கணக்கில் சும்மா கிடக்கிறது, அதற்கு அவர் வங்கிக்கு வட்டி கட்டுகிறார். இல்லாத படத்துக்கு. அத்தையின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். இருபது வருஷமாக அவர் செய்வது இதுதான்: வரைந்ததும் ஒன்று, ரேக்கு ஒட்டும் முன் ஒன்று, அனுப்பும் முன் ஒன்று. யாரும் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. வட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் சிரித்தது இதைப் பார்த்துத்தான்.

நான்காம், ஐந்தாம் வாரம்

முன்பணம் வாங்கும் செருகுநிரல்கள் விலைக்குக் கிடைக்கின்றன. அவை தேதிக் கணக்கில் நடப்பவை. அத்தைக்கோ தேதி கிடையாது, மழை பிடித்துக்கொண்டால் சுண்ணம் காய ஒரு வாரம் கூட ஆகும். ஆகவே நானே எழுதினேன். கார்டிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் யோசித்தேன். தொகை 15,000-க்குள் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்காது. ஆனால் எந்த நாளில் பிடிப்போம் என்றே சொல்ல முடியாதவர்கள் அடுத்தவர் கணக்கில் கை வைக்கக் கூடாது. ஒரு கட்டம் முடிந்ததும் அந்த நிலையில் உள்ள படத்தைப் போட்டோ எடுத்து, பணம் கட்டும் இணைப்போடு வாட்ஸப்பில் அனுப்புவது என்று முடிவானது.

கேட்வே தொகையைப் பைசாவில்தான் கேட்கும். 19.99 ரூபாயை நூறால் பெருக்கி முழு எண்ணாக வெட்டினால் 1998 வரும், 1999 வராது. கணினியின் தசமக் குணம் அப்படி. முதலிலேயே எல்லாவற்றையும் பைசா ஆக்கி, முழு எண்ணிலேயே கணக்குப் போட்டேன். 18,500-ஐ மூன்றாகப் பிரித்தால் 6,166 ரூபாய் 66 பைசா இரண்டு தடவை, மிச்ச இரண்டு பைசாவையும் சுமந்துகொண்டு கடைசித் தவணை 6,166 ரூபாய் 68 பைசா. இதை அழகாக முடித்துவிட்டு அத்தையிடம் காட்டினேன்.

"அறுபத்தாறு பைசாவா? எவன்டா குடுப்பான்? ஏழாயிரம், ஆறாயிரம், அஞ்சாயிரத்து ஐந்நூறு. பலகை, கல்லு, துணி எல்லாம் முதல்ல வாங்கணும்ல."

என் மீதிக்கணக்கு முழுவதையும் அழித்துவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பெட்டி வைத்தேன். அத்தை தொகையை எழுதுவார், கூட்டினால் விலை வருகிறதா என்று மட்டும் நிரல் பார்க்கும். குலதெய்வப் படம் போன்றவற்றுக்கு முதல் தவணையே பாதி. நடுவில் விட்டுவிட்டுப் போனால் கிருஷ்ணரை வேறு யாராவது வாங்குவார்கள், இன்னொருவர் வீட்டு ஐயனாரை யார் வாங்குவார்?

இரண்டாம், மூன்றாம் தவணைகள் வூகாமர்ஸில் தனித்தனிக் குட்டி ஆர்டர்களாகப் பிறக்கின்றன. முதல் நாளே ஒரு விபத்து. ஆசிரியை அம்மாவுக்கு இரண்டாம் தவணை இணைப்பு காலையில் போனது. மதியம் அவர் திறந்தபோது 'ஆர்டர் ரத்து'. பதறிப்போய் அத்தைக்குப் போன் செய்திருக்கிறார். கட்டாத ஆர்டர்களை 60 நிமிடத்தில் ரத்து செய்யும் அமைப்பு ஒன்று வூகாமர்ஸில் இயல்பாகவே உண்டு, சரக்கை வீணாகப் பிடித்துவைக்காமல் இருக்க. அது செக்கவுட்டில் பிறந்த ஆர்டர்களை மட்டும்தான் தொடும். நான் முதல் ஆர்டரை அப்படியே நகலெடுத்திருந்தேன், 'செக்கவுட்டில் பிறந்தது' என்ற குறிப்பும் கூடவே வந்துவிட்டது. பிறந்த இடத்தை 'தவணை' என்று மாற்றினேன். அதோடு தொல்லை தீர்ந்தது.

இப்போது நிலவரம்

தயாராக இருக்கும் படங்களுக்குக் கார்டு இ.எம்.ஐ. வரி தெரியும். ஆர்டரின் பேரில் செய்பவற்றுக்கு அந்த வரியே வராது, 'மூன்று கட்டமாகத் தரலாம்' என்றுதான் வரும். பணம் கட்டும் இடத்தில் கார்டு இ.எம்.ஐ.யை மூடவில்லை. வேண்டுமென்பவர் எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் பட்டாபிஷேகக்காரருக்கு மட்டும் அத்தை தானாகவே சட்டத்தைத் தேக்கில் போட்டுக் கொடுத்தார். காரணம் கேட்டதற்கு, "அவர் காசு நம்மகிட்ட முன்னாடியே வந்து உக்காந்திருந்துதுல்ல" என்றார்.

கட்ட முறையில் இதுவரை நான்கு பேர். ரேக்கு ஒட்டிய போட்டோ போன அன்றைக்கே மூன்று பேர் இரண்டாம் தவணையைக் கட்டிவிட்டார்கள். பளபளப்பு வேலை செய்கிறது.

போன ஞாயிறு நோட்டையும் என் பட்டியலையும் ஒத்துப் பார்த்தோம். ஆசிரியை அம்மாவின் மூன்றாம் தவணை என் பக்கம் சிவப்பு, அத்தையின் நோட்டில் டிக். படத்தை எடுத்துப்போக நேரிலேயே வந்தவர், காபி குடித்துவிட்டு ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பிறகும் என் நிரல் அவருக்கு இரண்டு நினைவூட்டல் அனுப்பியிருக்கிறது. 'கையில் வாங்கியாச்சு' என்று ஒரு பட்டன் வைக்க வேண்டும். இந்த வாரம் அதுதான் வேலை, அவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்ட பிறகு.